வக்கீல் விட்ட நாலு முழம்

கார் மோட்டார் எட்டிப் பாக்காத காலத்துல, நெடுவரம்புன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு, நாம உக்காந்திருக்கிற இதே ஊருதான். கிழக்கே கடம்பாறு. ஆத்துக்கு அந்தப் பக்கந்தான் ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம். ஐப்பசி வெள்ளத்துல, வாழைமரத்தைச் சேத்துக் கட்டி, அதுமேல சீக்காளியைப் படுக்க வச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்களாம்.

அந்த ஊர்ல குத்தாலிங்கம்னு ஒரு வக்கீல். எப்பேர்ப்பட்ட வக்கீலு? அவரு எழுதின காயிதத்துல எறும்பு நுழைய இடம் இருக்காதாம்.

அக்கரையில வாழைத்தோட்டம் வச்சிருந்த உலகம்மை ஒருநாள் அவருகிட்ட ஓடி வந்தா. "வக்கீலய்யா, என் தோட்டத்தைக் கிழிச்சு ரோடு போடப் போறானுவளாம். நீருதான் காப்பாத்தணும்."

காப்பாத்தினாரு. எப்படி? உலகம்மையோ அவ வாரிசோ இருக்கிற மட்டும் அந்த மண்ணுல ரோடு போட மாட்டோம்னு சர்க்கார்கிட்டயே கையெழுத்து வாங்கி, கோர்ட்டு முத்திரையும் குத்த வச்சாரு. அவரு வாழ்க்கையில அவ்வளவு அழகா எழுதினது வேற இல்லையாம்.

அதுக்கு ஏழாம் வருசம், பிள்ளைத்தாச்சியா இருந்த அவரு அக்காவை வெள்ளம் கொண்டு போயிருச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட கறுப்புக் கோட்டை ஆணியில மாட்டினாரு. எலெக்சன்ல நின்னாரு. "பாலம் கட்டிட்டுத்தான் மறுவேலை"ன்னாரு. ஊரே ஓட்டுப் போட்டுது. எம்எல்ஏ ஆனாரு.

மொத வருசம் சட்டசபையில எந்திரிச்சுப் பாலம் கேட்டாரு. "பரிசீலனையில் உள்ளது"ன்னாரு மந்திரி. உக்காந்தாரு.

ரெண்டாம் வருசமும் கேட்டாரு. "நிதி வந்ததும் பார்க்கலாம்." உக்காந்தாரு.

மூணாம் வருசம், பைலையே காணோமாம். அன்னைக்கு உக்காரலையாம் மனுசன். சபை கலைஞ்சு, கூட்டுறவங்க வந்து விளக்குமாத்தைக் காலுல இடிக்கிற வரைக்கும் நின்னாராம்.

நாலாம் வருசம் பாலம் கெடச்சுது! பன்னெண்டு தூணு. ஒவ்வொரு தூணுக்கும் ஊரு குலவை போட்டுது. பாலம் அக்கரையைத் தொட்டு, ரெண்டாள் ஒசரத்துல நின்னுபோச்சு. கீழ, உலகம்மையோட வாழைத்தோட்டம்.

இஞ்சினீயரு தலையைச் சொறியுதாரு. "ரோட்டை எங்கய்யா இறக்க? இந்த மண்ணைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கே. அடியில உங்க கையெழுத்து."

"தெரியும்வே. நமக்கு வேண்டிய பொம்பளை. ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவா"ன்னாரு எம்எல்ஏ. நாலு வருசமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்காரு. ஒருநாளும் கேக்கலை.

போயிக் கேட்டாரு. உலகம்மை வாழைக்கு மண்ணு அணைச்சுக்கிட்டே சொன்னாளாம். "அன்னைக்குக் கோர்ட்டுல என்ன சொன்னீரு? இந்தத் தோட்டம் போனா இவ உசுரு போயிரும்னு சொன்னீரா இல்லையா?"

"சொன்னேன் தாயி."

"நெசமா, பொய்யா?"

நெசம்னா பாலம் போச்சு. பொய்யின்னா அவரு பேரு போச்சு.

"உமக்கு அக்கா போனதுல எனக்கும் வயிறு எரியுது. ஆனா இதை வித்துட்டு நான் எங்க போவேன்? நீரு எழுதிக் குடுத்ததை நம்பித்தானய்யா இருக்கேன்."

கோர்ட்டுக்குப் போனாரு. ஜட்ஜு அந்தக் காயிதத்தை ரெண்டு தரம் வாசிச்சாராம். "மிஸ்டர் குத்தாலிங்கம், நான் உள்ள நுழைய நீங்க ஒரு சந்து கூட விடலையே"ன்னு வருத்தப்பட்டுத் திருப்பிக் குடுத்தாராம். அஞ்சாம் வருசம் எலெக்சன் வந்துது. "அந்தரத்துப் பாலம் கட்டின அண்ணாச்சி!"ன்னு சின்னப்பிள்ளைக கூடச் சத்தம் போட்டுச்சு. தோத்தாரு.

தோத்த மனுசன் என்ன செஞ்சாரு? பாலத்து நுனியில உக்காந்து, தான் எழுதின காயிதத்தையே எதிராளி மாதிரி வாசிக்க ஆரம்பிச்சாராம். ஒரு நாளு, ரெண்டு நாளு, ஒன்பது நாளு. ஒன்பதாம் நாள் சிரிச்சாராம். பாத்தவங்க, புத்தி பெரண்டுபோச்சுன்னு நினைச்சாங்களாம்.

தோட்டத்துக்கு மேற்கெல்லை ஆத்தங்கரைன்னு எழுதியிருக்காரு. அப்போ கரை அவளுது இல்லை. அந்தக் கரையை அளந்து பாத்தா நாலு முழம் அகலம். அந்தப் பெரிய வக்கீல் செஞ்ச ஒரே பிசகு அதுதான்!

பாலத்துல இருந்து அந்த நாலு முழத்துல கல்லுப்படி இறக்கினாரு. வண்டி போகாது. ஆளு போகலாம், சீக்காளியைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு நாலு பேரு இறங்கலாம். கரையோடயே நடந்து ரோட்டைப் பிடிக்கலாம். மொதக் கட்டில் இறங்குறப்போ, கால்மாட்டைப் பிடிச்சது உலகம்மைன்னு சொல்லுதாங்க.

வண்டிப் பாலத்துக்குத்தானே அவரு ஆசைப்பட்டாரு? சாகுற வரைக்கும் அந்தப் படியைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிடுவாராம். ஆனா அதுக்கப்புறம் ஒரு பிள்ளைத்தாச்சியும் ஆத்தோட போகலை.

அதுதான் இந்த வக்கீல் படி. நம்ம ஊர்ல பாகம் பிரிச்சாலும், கிரயம் எழுதினாலும், நாலு முழத்தை யாருக்கும் இல்லாம விட்டுட்டு எழுதுறோமே, அதுக்குப் பேரு வக்கீல் முழம். வெளியூர்ப் பத்திரக்காரன் "இது யாருக்குவே?"ன்னு கேப்பான். "எழுதும்வே, பொறவு வாரவங்களுக்கு"ன்னு சொல்லுவோம்.