மூடி போட்ட கூடை

ராத்திரி மணி ஒன்றரையா, இரண்டரையா... அதில் எனக்கு நிச்சயம் இல்லை. இந்தக் கதையைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. நடுவில் நானே எதையாவது சேர்த்திருந்தாலும் சேர்த்திருப்பேன். விளக்கைக் குறையுங்கள். காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பாதை மட்டும் சரியாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நீளமான மதில். மறுபக்கம் வெற்று நிலம். நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுவும் அணைந்து அணைந்து எரியும்.

அந்தப் பாதையில் என் தோழியின் சித்தி தனியாக நடந்துகொண்டிருந்தாள். மதிலின் அந்தக் கோடியில் மிஷன் விடுதி. வீட்டில் சொல்ல முடியாமல், வயிற்றில் பிள்ளையோடு வரும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம். சித்தி அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதென்று ஃபோன் வந்திருந்தது. பதினேழு வயது. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். "இங்கே வேணாம், விடுதியிலயே பெத்துக்கறேன்" என்று பிடிவாதமாகத் திரும்பி வந்தவள் அவள்.

பின்னால் ஒரு சத்தம். கிர்... டக். கிர்... டக். ஆணி எழும்பிய ஷூ. கூடவே கார்பாலிக் சோப்பு வாசனை.

சித்தி நின்றாள்.

சத்தம் நிற்கவில்லை. அவள் தோளை உரசுகிற மாதிரி, ஆள் இல்லாமல், அவளைத் தாண்டி... முன்னால் போனது. விடுதியைப் பார்த்து.

சித்தி அலறவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அவளும் அதே விடுதியில் படுத்திருந்தவள்தான். அவளுக்கும் குழந்தை இறந்தே பிறந்தது. அப்போது அங்கே ஒரு மேட்ரன் அம்மா இருந்தார். கெட்டவர் இல்லை. இரவெல்லாம் கண்விழித்து, கார்பாலிக் சோப்பு மணக்கும் கையால் நெற்றியில் ஈரத்துணி மாற்றுவார். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். இறந்த குழந்தையைத் தாய் பார்க்கக் கூடாது. முகம் பார்த்துவிட்டால் மறக்க முடியாதாம். மூடி போட்ட பிரம்புக் கூடையில் வைத்து, பின்வாசல் வழியாக அவரே கொண்டுபோய்விடுவார். எங்கே என்று கேட்கக் கூடாது. சித்தி தலையைத் தூக்குவதற்குள் கூடை போய்விட்டது. தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போன அவர் ஷூவின் அந்தச் சத்தம்... கிர், டக். பெற்ற பிள்ளையைப் பற்றி அவளிடம் இருந்ததெல்லாம் அதுதான்.

மேட்ரன் அம்மா போய்ச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு நர்சாக அங்கே வந்த சித்தி முதலில் உடைத்தது அந்தச் சட்டத்தைத்தான். இப்போதெல்லாம், போதும் என்று தாய் சொல்லும்வரை குழந்தை அவள் மடியில்.

அந்த ராத்திரி, பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பிறந்தது பெண் குழந்தை. சித்தி வெந்நீரில் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"அக்கா... விரலெல்லாம் எவ்ளோ நீளம் பாருங்களேன்."

"ம். நல்லாப் பாரு."

"காலையில எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"நீ சொன்னாத்தான்."

வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்ற சமையல்கார அம்மா மூக்கைச் சுளித்தாள். "ஏம்மா, இதென்ன சோப்பு வாசனை? நான் இன்னிக்குத் தரையே கழுவலையே. நான் கழுவினாத்தானே அதிசயம்!"

பின்வாசல் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. அவசரமில்லாமல்.

"கூடை கொண்டாந்திருக்கேம்மா. குழந்தையைக் குடு."

பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. சமையல்கார அம்மா கட்டிலுக்கு அடியில் நுழையப் பார்த்தாள். இடம் போதவில்லை.

சித்தி தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தாள். "கிடையாது."

"பாத்தா அந்தப் பொண்ணுக்குப் பைத்தியம் பிடிச்சிடும்மா. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்..."

"பாக்க விடாதவங்க என்ன ஆனாங்கன்னு வந்து பாத்தீங்களா? என்னைப் பாருங்க. பொண்ணா பையனான்னுகூட எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமா பஸ்ல, கடையில, எந்தக் குழந்தை முகத்தைப் பாத்தாலும் இப்படித்தான் இருந்திருக்குமோன்னு தேடிட்டிருக்கேன். இது பைத்தியம் இல்லாம வேற என்ன?"

வெளியே குரல் தணிந்தது.

"ஜெபம் பண்ணிக்கலாம். திறம்மா."

"பண்ணுங்க. அங்கேயே நின்னு பண்ணுங்க. பெத்தவகிட்ட முகத்தை மறைன்னு கர்த்தர் எங்கேயும் சொல்லல. இந்தக் கதவு திறக்காது." அடுத்து வந்த வார்த்தையை அவளே எதிர்பார்க்கவில்லை. "என்கிட்டேருந்து எடுத்ததைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க."

கட்டிலில் அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து... கிர். டக். தேய்ந்து, தேய்ந்து, போய்விட்டது.

விடியும்வரை சித்தி கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். வெளிச்சம் வந்ததும் அந்தப் பெண் தன் மகளுக்கு ஒரு பெயர் வைத்தாள். காதில் அதை மூன்று முறை சொன்னாள். போதும் என்றாள். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறந்தது.

படியில் ஒரு பிரம்புக் கூடை. மூடி போட்டு. மேலெல்லாம் ஈரமண்.

"தொடாதே!" என்று கத்தினாள் சமையல்கார அம்மா.

சித்தி அதைத் தூக்கினாள். காலிக் கூடையைத் தூக்குகிற மாதிரி இல்லை, அடியில் கை கொடுத்து. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம்வரை திறக்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கூடையில் ஒன்றுமில்லை.

"பையன்," என்றாள். "மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு."

அவ்வளவுதான். அந்தப் பெண் இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மூன்று என்பாள். வீட்டில் ஓடுவது இரண்டு. சமையல்கார அம்மா மகன் வீட்டில் இருக்கிறாள், பொழுது சாய்ந்தால் பின்வாசல் பக்கம் போவதில்லை. அந்த ஷூ சத்தத்தை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சித்தி ஓய்வு பெற்றுவிட்டாள். கூடை அவள் அலமாரிமேல் இருக்கிறது. ஒருமுறை அங்கே தங்கியபோது நானே இறக்கிப் பார்த்தேன். காலிதான். உள்ளே விரித்த துணியில் மட்டும், சின்னத் தலை அழுந்தினாற்போல் ஒரு பள்ளம். தட்டிச் சரிசெய்து வைத்தேன்.

காலையில் பார்த்தேன். பள்ளம் இருந்தது. தொட்டால்... சூடாக.