பதினேழாம் கட்டத்தில் நின்ற வண்டி

எந்தப் பேச்சாளரும் அரை மணியைத் தாண்டிவிடக் கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, முகத்தில் மட்டும் புன்னகையோடு வீற்றிருக்கும் அன்பிற்குரிய தலைவர் ரமேஷ்பாபு அவர்களே, இந்த ஆண்டு விழாவைத் தூணாக நின்று தாங்கும் செயலாளர் தேவிப்ரியா அவர்களே, கார்டன் ரீச்சிலிருந்து பேருந்திலும் ஹவுராவிலிருந்து படகிலும் வந்து, டாலிகஞ்சில் நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த இரண்டு மாடிகளையும் முழங்கால் வலியோடு ஏறி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சமையலறையின் புகையையும் சங்கத்தின் பகையையும் ஒரே பொறுமையோடு பொறுத்துவரும் தாய்மார்களே, கணினி நிறுவனங்களில் பணிசெய்ய நேற்று வந்திறங்கிய இளைஞர்களே, தமிழில் கேட்டு வங்காளத்தில் பதில் சொல்லும் எங்கள் செல்லங்களே, உங்கள் அனைவருக்கும் சௌந்தரத்தின் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, தெருவில் வண்டி நிறுத்தும் கட்டணத்தை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது. சென்ற கூட்டத்தில் நம் உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். யார் இந்தக் கட்டணத்தை வைக்கிறார்கள்? எங்கே உட்கார்ந்து வைக்கிறார்கள்? எதைப் பார்த்து வைக்கிறார்கள்? நான் மாநகராட்சிக்காக வண்டிகளைக் கணக்கெடுக்கும் ஏஜென்சியில் ஒன்பது ஆண்டுகளாக மேற்பார்வையாளர். ஆகவே என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டீர்கள்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள், ‘கட்டணம் குறையுமா?’ என்று. பொறுங்கள் ஐயா. அதற்கும் வருகிறேன்.

முறை எளிது. முதலில் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எண் எழுதுவோம். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, அரை மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவை நடந்து கடப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் நிற்கும் வண்டியின் கடைசி நான்கு இலக்கங்களைத் தாளில் எழுதி, பக்கத்தில் ‘நிரம்பியது’ என்று குறிப்போம். வண்டி இல்லையென்றால் ‘காலி’. அன்றைய நாளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் நிரம்பியிருந்தால் கட்டணம் ஏறும். குறைந்தால் ஏறாது. பிறகு வரைவு, அறிவிப்பு, ஆட்சேபம், விசாரணை, தீர்மானம். அவ்வளவுதான். இரண்டு சொற்கள், பெருமக்களே. நிரம்பியது, காலி. இந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு தெருவின் விதியே அடங்கிவிடும்.

சென்ற ஆண்டு ஏப்ரல் இறுதி. நம் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால், ஸ்டூடியோ மதிலை ஒட்டிப் போகிறதே, அந்தத் தெரு. நாற்பது கட்டங்கள். முதல் இருபது என்னுடையவை. அனல் என்றால் உங்களுக்கே தெரியும், அப்படி ஓர் அனல். தெருநாய்கள்கூட வண்டிக்கு அடியில் புகுந்துகொண்ட நாள்.

பதினேழாம் கட்டத்தில் ஒரு வெள்ளை வாடகைக் கார். எண் 4406. ஒன்பதரைக்கு நான் முதல் சுற்று வந்தபோதே நின்றது. ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எழுதினேன்: 4406, நிரம்பியது.

பத்து மணிக்கு எழுதினேன். பத்தரைக்கு வந்தபோது அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கையை லேசாக உயர்த்தினார். ‘இங்கே நிற்கலாமா?’ என்று கேட்கிறார் என நினைத்தேன். தலையை அசைத்து, ‘நிற்கலாம்’ என்று சைகை காட்டிவிட்டுப் பதினெட்டாம் கட்டத்துக்குப் போனேன்.

பதினொன்றுக்கு எழுதினேன். பன்னிரண்டுக்கு எழுதினேன். இரண்டுக்கு எழுதினேன். அந்தத் தெருவில் கட்டணம் வசூலிப்பவர் நிர்மல் மண்டல். அண்ணன் என்ற மரியாதையில் நிர்மல்தா என்போம். அவரும் மணிக்கொரு சீட்டை இயந்திரத்தில் கிழித்து, முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். டாஷ்போர்டில் ஒரு கைபேசி ஒளிரும், அணையும், மறுபடி ஒளிரும். நல்ல தூக்கம் போலிருக்கிறது, போன் அடிப்பதுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணி. காலையெல்லாம் அந்தக் கட்டத்துக்கு நிழல் தந்த கிருஷ்ணசூடா மரம் இப்போது உதவவில்லை. மேற்கு வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே அவர் முகத்தில் விழுந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அந்த வெயிலில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? முகத்தைத் திருப்புவோம். அவர் திருப்பவில்லை.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுதினேன். 4406, நிரம்பியது. பதினெட்டை எழுதினேன். பத்தொன்பதை எழுதினேன். இருபதை எழுதினேன். அதற்குப் பிறகுதான், தாய்மார்களே, என் கால்கள் திரும்பின.

ஏழு சீட்டுகள் துடைப்பானுக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்தன. என் தாளில் பதினான்கு முறை அந்த எண் இருந்தது. போலீஸ் வந்தது. காலை பதினொன்றுக்குப் பிறகும் ஒரு மணிக்கு முன்பும் உயிர் போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்படியானால் அவர் உயிரோடு இருந்தபோதே நான்கு முறையாவது நான் அவரைக் கடந்திருக்கிறேன். அவர் கை உயர்த்தியது அனுமதி கேட்கவா? என்னை அழைக்கவா? இந்தக் கேள்வியோடுதான் நான் அன்றுமுதல் சோறு தின்றேன். பெயர் தபன் ஹால்தார். வீடு கார்டன் ரீச். அந்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை.

இரண்டு மாதம் கழித்து வரைவு அறிக்கை வந்தது. தெரு முழுக்கச் சராசரி எண்பத்தாறு. மணிக்குப் பத்து ரூபாய், இருபது ஆகப் போகிறது. அதிகம் பயன்படும் கட்டங்களின் பட்டியலில் முதல் இடம் எதற்கு? பதினேழுக்கு. ‘ஒரு நிமிடமும் காலியில்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

மேலாளரிடம் போய், “அந்த வரியை எடுத்துடுங்க சார்” என்றேன்.

“வண்டி நின்னுதா இல்லையா?”

“நின்னுது.”

“அப்போ எடம் ஃபுல். நீங்க எழுதினது சரிதான் மேடம். ஏன் மனசப் போட்டு வருத்திக்கிறீங்க?”

விதிப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணைக்கு முன் ஒரு சரிபார்ப்புக் கணக்கு உண்டு. அதே தெரு, வேறு ஆள். அதற்கு எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்தவர், இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் மருதமுத்து ஐயா. எழுந்திருக்க வேண்டாம் ஐயா, உட்காருங்கள். முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு பார்த்தவர். ஓய்வுக்குப் பின் ஓராண்டு பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் திரும்பி வந்தவர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டே முக்கால். தெருமுனையில் நான் நின்றிருந்தேன். ஐயா வேகமாக எதிர்ப்பக்கக் கடைக்குப் போவது தெரிந்தது. கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு திரும்பினார். தாகம் என்று நினைத்தேன். நெருங்கி வந்ததும் மறுகையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன்.

பதினேழாம் கட்டம். பன்னிரண்டு மணி. 4406. பன்னிரண்டரை. 4406.

பெருமக்களே, அந்தக் கார் அப்போது காவல் நிலைய வளாகத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

“ஐயா, இந்த நம்பர ஒங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா. வண்டி நிக்குது, எழுதினேன். உள்ள ஒருத்தர் படுத்திருக்காரு. மொதல்ல தூங்குறாருன்னு விட்டுட்டேன். ரெண்டாந்தடவ போனப்ப கையத் தூக்கினாரு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“கூப்பிடுறாருல்ல? கண்ணாடியத் தட்டினேன். எறக்கினாரு. ‘ஏக்டு ஜல்’னாரு. கொஞ்சம் தண்ணிதானே கேக்குறாரு, அதான் வாங்கப் போனேன். கடைக்காரன் சில்லறை இல்லன்னு நிக்க வச்சுட்டான்.”

இருவரும் நடந்தோம். ஓடவில்லை, நடந்தோம். பதினாறில் ஒரு வேன். பதினெட்டில் ஒரு கார். நடுவே பதினேழு வெறும் கோடுகளோடு கிடந்தது. மழைக்கால மேகம் கவிந்து தெருவெல்லாம் வெளிச்சம் மங்கியிருந்தது. அந்தக் கட்டத்தின் தரை மட்டும் காய்ந்து, கைவைத்தால் சுடும் போலிருந்தது. நான் கை வைக்கவில்லை.

நிர்மல்தா மதிலோரம் நின்றிருந்தார். வங்காளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்; தீதி என்றால் அக்கா. “அந்த நாளுக்கப்புறம் இங்க யாரும் வண்டி விடுறதில்ல தீதி. ரிவர்ஸ் எடுப்பாங்க. பாதி வந்து திரும்பிப் பார்ப்பாங்க. அப்படியே போயிடுவாங்க. ஏன்னு கேட்டா, ‘அதான் ஆள் இருக்குதே’ம்பாங்க.”

மருதமுத்து ஐயா அந்தப் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்தபடி நின்றார். அப்போதுதான் நான் அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் பாட்டில் மூடியை இறுக்கினார். பிறகு, “அந்த வீட்டுக்குப் போகணும்மா” என்றார்.

மறுநாள் போனோம். கப்பல் கட்டும் தளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, ஓர் அறை. தபன் ஹால்தாரின் மனைவி எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் அன்று கணக்கெடுத்தவள் என்பதைச் சொன்னேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“அவர் கடைசியா யார்கிட்டயாவது பேசினாரா தீதி? ஒரு வார்த்தையாவது?”

மருதமுத்து ஐயாதான் தன் ரயில்வே வங்காளத்தில், அண்ணி என்று அழைத்துச் சொன்னார்: “பேசினார் பௌதி. தண்ணி கேட்டார். நான் வாங்கப் போனேன். கொஞ்சம் தாமதமாயிடுச்சு.”

அந்த அம்மாள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு பச்சைப் பாட்டில். “தினமும் இத எடுத்துட்டுத்தான் போவார். அன்னிக்கு மறந்துட்டார். நான் நெறைச்சு வச்சது அப்படியே இருக்கு. எத்தன தடவ போன் பண்ணினேன், தண்ணி வாங்கிக் குடிங்கன்னு சொல்லத்தான்.” அதன் பிறகு அவர் அழுதார். மூன்று மாதத்தில் அன்றுதான் முதல்முறை அழுகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண் எங்களிடம் சொன்னாள்.

ஆகஸ்டில் விசாரணை. இருபது நாற்காலி, பன்னிரண்டு பேர். ‘ஆட்சேபம் உண்டா?’ என்று விசாரணைக் குழுத்தலைவரான அம்மையார் கேட்டார். நான் எழுந்தேன். எங்கள் மேலாளர் முகம் வெளுத்தது.

“என் கணக்கில் பிழை இருக்கிறது.”

“எண்ணைத் தவறாக எழுதினீர்களா?”

“எண் சரி மேடம். சொல் தவறு. ‘நிரம்பியது’ என்று பதினான்கு முறை எழுதினேன். அங்கே ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். பிறகு செத்துக் கிடந்தார். அந்தச் சாவையும் சேர்த்துத்தான் இந்தத் தெருவின் கட்டணத்தை ஏற்றப் போகிறீர்கள்.”

அந்த அம்மையார் சரிபார்ப்புத் தாளைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. “இந்த வண்டி காவல்துறை வசம் இருப்பதாகக் கோப்பு சொல்கிறது. ஜூலையில் இதே எண்ணை எழுதியது யார்?”

மருதமுத்து ஐயா எழுந்தார். “நான்தாங்க. முப்பத்தாறு வருஷத்துல, பாக்காத எதுக்கும் கையெழுத்துப் போட்டதில்ல. அந்தத் தாள்லயும் போட்டிருக்கேன்.”

அம்மையார் மேலும் கேட்கவில்லை. கோப்பை மெல்ல மூடி, அதன்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டார்.

பதினேழாம் கட்டத்தின் ‘நிரம்பியது’ எல்லாவற்றையும் அடித்துக் ‘காலி’ என்று கணக்கில் திருத்தினார்கள். சராசரி எண்பத்துநான்கானது. கட்டணம் ஏறவில்லை. பின்வரிசை ஐயா, உங்கள் கேள்விக்கு இதுதான் விடை. அந்தத் தெருவில் இன்றும் நீங்கள் தருவது பத்து ரூபாய்.

அதோடு தீர்மானத்தின் கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. அதற்காக நான் நான்கு முறை அலுவலகப் படி ஏறினேன். கண்ணாடி மூடிய வண்டிக்குள் ஆள் இருந்தால், சீட்டுக் கிழிப்பவரும் கணக்கெடுப்பவரும் முதலில் தட்ட வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். முதலில் தட்டு, பிறகு எழுது. கட்டணம் என்பது என்ன, பெருமக்களே? ஊராருக்குச் சொந்தமான தரையில் ஒருவர் சற்று நேரம் தங்கிக்கொள்ள ஊர் தரும் இடம், அதற்கு ஊர் கேட்கும் காசு. காசு கேட்கிற ஊர் கதவைத் தட்ட வேண்டாமா? மணி பார்க்கிற கண் முகம் பார்க்க வேண்டாமா? எண்ணை எழுதுகிற விரல் ஒரு கண்ணாடியை இரண்டு முறை தட்டினால் தேய்ந்தா போகும்?

தட்டுகிறோம். திட்டு வாங்குகிறோம். ‘தூங்கக்கூட விடமாட்டீங்களா’ என்பார்கள். இந்த மே மாதம், அதே தெருவில் ஐந்தாம் கட்டம். உள்ளே ஒரு பெண். நிர்மல்தா தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். பிறகு செங்கல்லை எடுத்துப் பின்கண்ணாடியை உடைத்தார். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தார் ஹவுராவைச் சேர்ந்த அந்த ஆசிரியை, ஹம்சினி. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, “என் கார் கண்ணாடிக்கு யார் பணம் தருவது?”

நிர்மல்தா என்னிடம் அதைச் சொல்லும்போது சிரித்தார். ஓராண்டுக்குப் பின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்கு இந்தச் சங்கத்தில் வசூல் செய்து நாங்கள் பணம் கட்டினோம். அதில் முதல் நூறு ரூபாயை அனுப்பியது கார்டன் ரீச்சில் அந்தச் சந்திலிருந்து ஒரு பெண்மணி. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், துணிந்து கையெழுத்திட்ட மருதமுத்து ஐயாவுக்கும், என்னைப் பேசவிட்ட இந்த அவைக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. அனைவரும் பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.