ரஸீஃப் போற வழி இதுவா?

யமீனா: தம்பி, வண்டியில ஏறும்போது நான் எங்க போகணும்னு சொன்னேன்?

ஜவாத்: ரஸீஃப் சதுக்கம்னு சொன்னீங்கம்மா.

யமீனா: அது எங்க இருக்கு?

ஜவாத்: அதோ... கீழ. பச்சை ஓட்டுக் கூரை தெரியுதுல்ல, அதுக்கு அந்தாண்ட.

யமீனா: கீழ இருக்கிற ரஸீஃபுக்கு மேல எதுக்கு வந்தோம்? மலை உச்சியில, இடிஞ்ச கல்லறைங்களுக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்தியிருக்க! ஃபெஸ் ஊரு டாக்சிக்காரங்க சுத்திச் சுத்தி ஓட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வானத்துக்கே ஏத்துவாங்கன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.

ஜவாத்: கத்தாதீங்கம்மா... வெளிய நிக்கறாங்களே அந்த லல்லா, அவங்க காதுல விழுந்திரப் போகுது.

யமீனா: விழட்டும்! என்னை வெறும் அம்மாங்கற, அவளை மட்டும் மரியாதையா லல்லாங்கற. அவளுக்கு முன்சீட்டு, எனக்குப் பின்சீட்டு. அவளுக்கு ஊர்வலம், எனக்குக் காவல். முதல்ல அரண்மனை வாசல்ல பித்தளைக் கதவைப் பாத்தா. இப்ப கல்லறையைப் பாக்குறா. என் கோழி கூடைக்குள்ள வெந்துக்கிட்டிருக்கு.

ஜவாத்: உங்ககிட்ட காசே வாங்கமாட்டேன். போதுமா?

யமீனா: சும்மா கூட்டிட்டுப் போறேங்கறவனைப் பாத்தாதான் எனக்கு இன்னும் பயம்.

ஜவாத்: அம்மா... உங்களுக்கும் புள்ளைங்க இருக்கும். ஒரு விஷயம் சொல்றேன், மனசோட வெச்சுக்கங்க. என் தலையெழுத்தே அந்த லல்லா கையிலதான் இருக்கு.

யமீனா: யாரு அவ, போலீசா?

ஜவாத்: போலீஸா இருந்தா பேசிச் சமாளிச்சிருப்பேனே. பொண்ணோட அத்தை!

யமீனா: எந்தப் பொண்ணு?

ஜவாத்: நுஸ்ஹா. மருந்துக்கடையில வேலை பாக்குறா. நான் கட்டிக்க நினைக்கிற பொண்ணு. இல்லாத தலைவலிக்கெல்லாம் அவகிட்ட மாத்திரை வாங்கியிருக்கேன்.

யமீனா: கல்யாணம் ஆகட்டும், தலைவலி தானா வரும்.

ஜவாத்: எங்க ஆகுது? அவங்கப்பா நல்ல மனுஷன். "எனக்குச் சம்மதம்தான், ஆனா ஊஜ்தாவுலேருந்து எங்கக்கா வந்து சரின்னு சொல்லணும்"ங்கறாரு. மக்கா போயிட்டு வந்தவங்க. வீட்ல எல்லாரும் ஹாஜ்ஜான்னுதான் சொல்வாங்களாம். ஹாஜ்ஜா வேணாம்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது. முன்னாடி வந்த மாப்பிள்ளையை அவங்கதான் துரத்தி விட்டாங்களாம்.

யமீனா: ஏனாம்?

ஜவாத்: டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சினானாம்.

யமீனா: சேச்சே, அதுக்கெல்லாமா துரத்துவாங்க? வேற ஏதாவது இருந்திருக்கும்.

ஜவாத்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

யமீனா: எனக்கு என்ன தெரியும்... புதினா டீன்னா சத்தம் போட்டுத்தானே குடிக்கணும். அதுக்காகச் சொன்னேன். நீ மேல சொல்லு.

ஜவாத்: ஹாஜ்ஜாவுக்கு டாக்சிக்காரன்னாலே ஆகாதாம். ஏமாத்துப் பயலுகன்னு. அதான் நுஸ்ஹா ஒரு யோசனை பண்ணினா. "இன்னிக்குக் காலை ரயில்ல அத்தை வருது. நீ யாருன்னு மூச்சு விடாம வண்டியில ஏத்தி, ஊரைச் சுத்திக்காட்டி, மரியாதையா வீட்ல கொண்டாந்து விடு. அந்தப் பையன் தங்கம்னு அதுவே வந்து சொல்லும். அவன்தான் இவன்னு அப்ப நான் சொல்லிக்கறேன்"னா.

யமீனா: நல்ல மூளைக்காரியா இருக்காளே!

ஜவாத்: அப்பாவுக்கு அவ்வளவு கிடையாது. அத்தை வழி போலிருக்கு.

யமீனா: இருக்கும் இருக்கும். அது சரி, இவதான் அத்தைன்னு எப்படிக் கண்டுபிடிச்ச? போட்டோ பாத்தியா?

ஜவாத்: போட்டோவே எடுக்க விடமாட்டாங்களாம். "அதிகாரமா பேசும், அதை வெச்சுக் கண்டுபிடி"ன்னா நுஸ்ஹா. ஸ்டேஷன்ல முதல் ஆளா இவங்கதான் வெளிய வந்தாங்க. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "ஏய், பெட்டியை எடு. ஊரெல்லாம் பாக்கணும்"னாங்க. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?

யமீனா: அதானே! நான் கோழிக்கூடையோட வந்து கதவைத் தட்டினேன். நீ என் மூஞ்சியைக்கூடத் திரும்பிப் பாக்கலை.

ஜவாத்: ஏத்திக்கிட்டேன்ல? பின்னாடி இடம் காலியா இருக்கறப்ப, கை காட்டினவங்களை விட்டுட்டுப் போனா அது டாக்சியா? எங்க வழக்கம் அது இல்லையே... அய்யோ, வர்றாங்க வர்றாங்க. நீங்க எதுவும் பேசிடாதீங்க!

பதூல்: டிரைவர்! அந்தப் பச்சைக் கூரை என்ன?

ஜவாத்: கரவிய்யீன் பள்ளிவாசல், லல்லா பதூல். மெதுவா... கல்லு வழுக்கும். கையைப் புடிங்க. உங்க காலடி படறதுக்கு இந்த மேடு கொடுத்து வெச்சிருக்கணும்.

யமீனா: அடேயப்பா!

பதூல்: இந்தம்மா இன்னும் இறங்கலையா?

யமீனா: எங்க இறங்கறது? கல்லறைக்குள்ளயா? அதுக்கு இன்னும் நாள் இருக்கு.

ஜவாத்: போற வழியில விட்டுடலாம் லல்லா. கதவைச் சாத்திக்கங்க. அடுத்து நீல வாசல்.

பதூல்: நீ ரொம்ப நல்ல பையனா இருக்க. எங்க ஊர் டாக்சிக்காரன் கதவைக்கூடத் திறந்து விடமாட்டான்.

ஜவாத்: அதெல்லாம் எங்கம்மா வளர்ப்பு லல்லா. பெரியவங்கன்னா எனக்கு உயிரு. சிகரெட்டைக் கையால தொடமாட்டேன். ராத்திரி ஆனா நேரா வீடு...

யமீனா: அவ அதைக் கேக்கவே இல்லையே தம்பி.

பதூல்: ஐயோ! எதுவோ என் முதுகைக் கொத்துது!

யமீனா: கொத்தலை. யாருன்னு பாக்குது.

பதூல்: இது என்ன டாக்சியா, கோழிப் பண்ணையா?

ஜவாத்: லல்லா, லல்லா, இதோ வந்துட்டோம். இங்கேருந்து பாத்தா வாசல் நீலமா இருக்கும். உள்ள போய்த் திரும்பிப் பாருங்க, பச்சையா இருக்கும். நல்லா நிதானமா போட்டோ எடுத்துட்டு வாங்க... அப்பாடா! ஏம்மா, என் பொழப்பைக் கெடுக்கவே வந்தீங்களா?

யமீனா: கோழி பண்றதுக்கு நான் என்ன செய்வேன்? உண்மையைச் சொல்லு, சிகரெட் புடிப்பியா?

ஜவாத்: விட்டுட்டேன்.

யமீனா: எப்ப?

ஜவாத்: இன்னிக்குக் காலையில.

யமீனா: ரொம்ப நாளாச்சு! கட்டிக்கிட்டா எங்க குடி வெக்கப்போற?

ஜவாத்: பத்தா சதுக்கத்துக்குப் பின்னாடி எங்க வீடு. கீழ அம்மா, மாடியில எங்களுக்கு ரெண்டு ரூம். "புது டவுன்ல ஃப்ளாட் பாத்துக்கிட்டிருக்கேன்னு அத்தைகிட்ட அடிச்சு விடு"ன்னா நுஸ்ஹா.

யமீனா: அடிச்சு விட்டியா?

ஜவாத்: வாய் வரைக்கும் வந்துது... முழுங்கிட்டேன். சிகரெட்டுன்னா பரவாயில்லை, இன்னியிலேருந்து தொடமாட்டேன், அது உண்மையாயிடும். இல்லாத ஃப்ளாட்டுக்கு நான் எங்க போவேன்? நாளைக்கு அவங்க வந்து பாக்கப்போறது மாடி ரூமைத்தானே?

யமீனா: உங்கம்மா எப்படி? மருமகளைப் படுத்துற ரகமா?

ஜவாத்: "உன்னைக் கட்டிக்கப்போற பொண்ணுக்கு நான்தான்டா ஆறுதல் சொல்லணும்"னு சொல்லிட்டிருக்காங்க.

யமீனா: பேசலாம் போலிருக்கே அந்த மனுஷிகிட்ட. சரி, அவ இல்லேன்னா வேற பொண்ணே கிடைக்காதா உனக்கு?

ஜவாத்: அம்மா... அவ கடை வாசல்ல நின்னு கை ஆட்டினா அன்னிக்குப் பூரா எனக்குப் பசியே எடுக்காது. எவன் குறுக்க வந்து ஹாரன் அடிச்சாலும் கோவம் வராது. அவ்வளவு பிடிக்கும் அவளை. வேற பொண்ணை நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. கிண்டல் பண்ணாதீங்க.

யமீனா: பண்ணலை தம்பி. கண்ணைத் தொடச்சுக்க, உன் அத்தை வர்றா.

பதூல்: டிரைவர், அடுத்து தோல் பதனிடற இடம் பாக்கணும். ஆனா இந்தக் கோழியோட ஒரு அடிகூட வரமாட்டேன். என் சட்டையைப் பாரு! அந்தம்மாவை இங்கயே இறக்கிவிடு.

ஜவாத்: லல்லா... ரஸீஃபுக்கு இங்கேருந்து கூடையைத் தூக்கிட்டு நடந்தா...

பதூல்: வேற வண்டி புடிச்சுக்கட்டும்.

ஜவாத்: வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் லல்லா. வண்டி கிடைக்காது. மண்டை காயுற வெயிலு.

பதூல்: அவளா, நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.

யமீனா: நான் இறங்கிக்கறேன் தம்பி. உன் காரியம் கெட வேணாம்.

ஜவாத்: நீங்க உக்காருங்கம்மா!

யமீனா: யோசிச்சுக்கப்பா...

ஜவாத்: யோசிச்சா இறக்கிவிட்டுருவேன், அதான் யோசிக்கலை. லல்லா, மன்னிச்சுக்கங்க. உங்களுக்காக இந்த மலையைத் தூக்கிட்டு வரச் சொன்னாலும் வருவேன். ஆனா என் வண்டியில ஏறினவங்களை நடுத்தெருவுல இறக்கிவிட மாட்டேன். ஏத்தினா அவங்க சொன்ன இடத்துல கொண்டு சேக்கணும்.

பதூல்: என்னைப் பகைச்சுக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா?

ஜவாத்: தெரியும் லல்லா. என் வாழ்க்கையே போயிடும்.

பதூல்: வாழ்க்கையா? நான் இறங்கி நடந்து போயிடுவேன்னு சொல்ல வந்தேன். பெட்டியை எடு. எவ்வளவு ஆச்சு?

ஜவாத்: நுஸ்ஹாவோட அத்தைகிட்ட நான் காசு வாங்குவேனா?

பதூல்: யாரு நுஸ்ஹா?

ஜவாத்: உங்க தம்பி பொண்ணு...

பதூல்: எனக்குக் கூடப்பொறந்தவங்களே கிடையாதே!

ஜவாத்: நீங்க... ஊஜ்தாவுலேருந்து...

பதூல்: கசாப்ளாங்கா. தபால் ஆபீசுல இருந்தேன். ஓய்வு கொடுத்ததும் ஊர் ஊரா பாக்கக் கிளம்பிட்டேன். நீ பெட்டி தூக்கினதையும் கையைப் புடிச்சு இறக்கினதையும் பாத்து, ஃபெஸ்காரங்க உபசாரம்னா இதுதான் போலன்னு நினைச்சேன். ஆளு மாறிப்போச்சா? அடப் பாவமே!

ஜவாத்: யா அல்லா...

யமீனா: தண்ணி குடி தம்பி.

பதூல்: என்னங்கம்மா, பையன் இப்படி வெளுத்துட்டான்? நான் கோவத்துல கத்திட்டேன்... இந்தாப்பா, காசு. மீதியை வெச்சுக்க. தோல் பதனிடற இடத்துக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடு.

ஜவாத்: நீல வாசலுக்குள்ள போய் இடது பக்கச் சந்துல நேரா இறங்குங்க லல்லா... இறக்கம் முடியற வரைக்கும் போனா செம்புப் பாத்திரம் தட்டுற சத்தம் கேக்கும், அது சஃப்ஃபாரீன் சதுக்கம். அங்க யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. "வழி மூடியிருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்"னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. "பாலாக்"னு சத்தம் கேட்டா கழுதை வருதுன்னு அர்த்தம், செவுத்தோட ஒட்டிக்கங்க. நாத்தத்துக்கு ஒரு கொத்து புதினா வாங்கி மூக்குல வெச்சுக்கங்க...

பதூல்: இந்த நிலைமையிலயும் எவ்வளவு பதமா சொல்ற! அந்த அத்தைக்குக் கொடுத்து வெக்கலை, போ. வரேன்ப்பா. வரேங்கம்மா. கோழிக்கும் சொல்லிடுங்க.

ஜவாத்: போச்சு. எல்லாம் போச்சு! ஹாஜ்ஜா ரயிலை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆச்சு! வெயில்ல பெட்டியோட நின்னுக்கிட்டு என்னைத் திட்டிட்டிருப்பாங்க. டாக்சிக்காரன் புத்தியைக் காட்டிட்டான்னு சொல்லுவாங்க. நுஸ்ஹா மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?

யமீனா: அப்ப ஸ்டேஷனுக்கு ஓடு. நான் வேணா இப்ப இறங்கிக்கவா?

ஜவாத்: அவங்ககிட்ட சொன்னதுதான் உங்களுக்கும். ஏத்தினவங்களை இறக்கிவிட மாட்டேன். முதல்ல ரஸீஃப், அப்புறம் ஸ்டேஷன்... சீக்கிரம் சொல்லுங்கம்மா, ரஸீஃப்ல எங்க விடணும்?

யமீனா: பள்ளிவாசலைத் தாண்டி வலது பக்கம் ஒரு முட்டுச்சந்து.

ஜவாத்: அந்தச் சந்து தெரியும். எந்த வீடு?

யமீனா: கடைசி வீடு. பச்சைக் கதவு. பக்கத்துல ரொட்டி சுடற அடுப்புக்கடை.

ஜவாத்: அம்மா... சந்து மாறிச் சொல்றீங்க. அது நுஸ்ஹா வீடு.

யமீனா: என் தம்பி வீட்டுச் சந்து எனக்கு மாறுமா? ஸ்டேஷன்ல உங்க வண்டி நம்பரைப் பாத்துதான் கதவைத் தட்டினேன். அந்தக் கழுதை நுஸ்ஹா உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததையெல்லாம் எனக்கும் முன்னாடியே சொல்லிட்டா. பாத்து ஓட்டுங்க... சாயங்காலம் உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்க வாங்க மாப்பிள்ளை.