பாவு பிடிக்க வந்தவர்

தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் ஐயா மாணிக்கவேல் அவர்களே, தறியை விட்டு எழுந்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பெற்று வளர்த்த தாய்மார்களே, கூட்டத்தின் கடைசியில் முகம் மறைத்து நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நான் தென்னரசு. இதே முள்ளிப்பட்டில் பட்டு நெய்பவன். என் மனம் பெண்ணை நாடாது, ஆணையே நாடும். இதை மேடையேறிச் சொல்ல அச்சமில்லையா என்கிறீர்களா? இருந்த அச்சத்தையெல்லாம் என் வீட்டுக்குள்ளேயே பட்டுத் தீர்த்துவிட்டேன்.

வீட்டில் சொன்ன அன்றே மந்திரித்த கயிறு கட்டினார்கள். உறக்கம் போனது, உணவு போனது, ஒரு கட்டத்தில் உயிரே பாரமானது. அதைக் கண்டுகொண்ட என் தாய் ஆதிலட்சுமி, கயிற்றைக் கழற்றிவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

"அவன் விருப்பம் நோய் இல்லீங்க. சுத்தி இருக்கறவங்க குடுத்த பயந்தான் அவனைப் படுக்க வெச்சிருக்குது" என்றார் மருத்துவர்.

பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார், கல்யாணம் செய்தால் சரியாகிவிடாதா என்று. அண்ணே, உங்கள் மகளை எனக்குக் கொடுப்பீர்களா? சிரிக்கிறீர்கள். அதுதான் பதில்.

தறிக்கு ஏற்றும் நீள இழைகளை, அந்தப் பாவு நூலை, விடியலில் தெருவில் நீட்டினால் அக்கம்பக்கத்தார் அழைக்காமலே வந்து பிடிப்பார்கள். சண்டை போட்டவர்கூட வருவார். அதுதானே நம் தெரு? என் சேதி பரவிய பிறகு என் வீட்டார் பாவை நீட்டினார்கள். யார் வந்தார்கள்? ஒருவரும் வரவில்லை. மேகம் கறுத்தது. நனைந்தால் பாவு பாழ். என்னால்தானே இந்தக் கதி என்று நான் உள்ளே சுருண்டு கிடந்தேன்.

எதிர்வீட்டுப் பூங்காவனம் அக்கா வந்தார். பாவைப் பிடித்துக்கொண்டே அதட்டினார்.

"டேய் தென்னரசு, உள்ள இன்னா பண்ணிகினு கீற? ஜல்தி வா. நான் ஒருத்தியே எத்தினி பக்கம் புடிப்பேன்?"

அறிவுரை இல்லை, அனுதாபம் இல்லை, வேலைக்குக் கூப்பிட்டார். வாரக்கணக்கில் தாண்டாத வாசலைத் தாண்டினேன். மழைக்கு முன் பாவைச் சுருட்டினோம். அன்றைக்கு நான் அழுதேன், நிம்மதியில் அழுதேன்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை தயங்கித் தயங்கி வாய் திறக்கும்போது கயிறு தேடுவீர்களா? கல்யாணம் பேசுவீர்களா? காறித் துப்புவீர்களா? வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், சோறு போடுங்கள், சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தம்பி, தங்கையே, தனியாகத் தாங்காதே. மருத்துவரிடம் பேசு, நம்பும் ஒருவரிடம் பேசு, யாருமில்லை என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டு.

மேடை தந்த சங்கத்துக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை விடியலில் எங்கள் பாவு தெருவுக்கு வருகிறது. பாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனாலும் அழைக்கிறேன், வந்து பிடியுங்கள். வணக்கம்.