இணைய வகுப்பின் வாசல் காத்தவருக்கு

எங்கள் கணினி ஆசிரியையே! கண்டிப்புக்கும் கனிவுக்கும் ஒரே முகம் வாய்த்தவரே! முதுகுக்குப் பின்னால் மாணவர் சூட்டிய "கதவு டீச்சர்" என்னும் பட்டத்தை முகம் மலர்ந்து ஏற்ற பெருந்தகையே! பணிநிறைவு காணும் உங்களுக்கு, ஆசிரியர் அறையின் அன்பும் ஆரவாரமும் கொஞ்சம் பழைய பயமும் கலந்த வணக்கம்!

பள்ளிக்கூடம் இணையத்துக்குக் குடிபோன காலம் அது. இணைப்பு கிடைத்தால் போதுமென்று நாங்கள் தவித்தபோது, யார் உள்ளே வருகிறார் என்று பார்த்தவர் நீங்கள் ஒருவரே! "அப்பா போன்", "சிங்கக்குட்டி" என்றெல்லாம் வந்து நின்றவர்களைச் சொந்தப் பெயரோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். பேத்தியின் கைக்கணினியிலிருந்து "செல்லக்குட்டி" என்ற பெயரில் வந்த தலைமையாசிரியருக்கும் அதே கதிதான். "டீச்சர், நான்தாம்மா, உள்ள விடுங்க!" என்று அவர் தொலைபேசியில் கெஞ்சியும், பெயரை மாற்றிய பிறகே கதவு திறந்தது. அவரும் இன்று மேடையில் இருப்பார், மறுக்கட்டும், பார்க்கலாம்!

ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைக்க வேண்டும்; கடவுச்சொல்லை உயிர்த்தோழிக்கும் சொல்லக் கூடாது; முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதை உரையாடல் பெட்டியிலும் எழுதக் கூடாது. ஓயாமல் சொன்னீர்கள். "இந்தம்மாவுக்கு எதுலயும் சந்தேகம்தான்" என்று நாங்கள் முணுமுணுத்ததும் உங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

பிறகு வந்தது அந்த நாள். பத்தாம் வகுப்பில் ஒருவர் விடாமல் வந்துவிட்ட பெருமிதத்தில், திரையை அப்படியே படம்பிடித்து, முகங்களும் பெயர்களுமாகப் பள்ளியின் பொதுப்பக்கத்தில் போட்டோம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் படத்திலிருந்து ஒரு மாணவியின் முகத்தை யாரோ வெட்டி எடுத்து, கேவலமாக ஒட்டுவேலை செய்து உலவவிட்டார்கள். மாணவர் குழுக்களிலும் அது சுற்றியது. அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். "படிச்ச வரைக்கும் போதும். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் அவள் அப்பா.

நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நீங்கள் களத்தில் இறங்கினீர்கள்! எங்கள் பதிவை நீக்கச் செய்தீர்கள். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்கள். அந்த அப்பாவின் முன் அமர்ந்து, "தப்பு பண்ணது நாங்க. தண்டனை மட்டும் உங்க பொண்ணுக்கா?" என்று கேட்டீர்கள். பிடுங்கி வைத்திருந்த போனை அவர் மகளிடம் திருப்பிக் கொடுத்தார். "வந்தத ஃபார்வர்ட் பண்ணேன், அவ்வளவுதான் டீச்சர்" என்ற மாணவனை, "அவ்வளவுதானா? அத அவ கிட்டயே சொல்லு" என்று நிறுத்தினீர்கள். அழுதான், மன்னிப்புக் கேட்டான், தான் யார் யாருக்கு அனுப்பினானோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் படத்தை அழிக்கச் சொல்லி அலைந்தான்.

அவள் திரும்பி வந்த வகுப்பில், மாணவரும் ஆசிரியருமாக எல்லோரும் கேமராவை அணைக்க வேண்டுமென்றீர்கள். திரை முழுக்க இருட்டு. யாருக்கும் முகமில்லை, அதனால் அவள் ஒருத்தி மட்டும் ஒளிந்திருப்பதாகத் தோன்றவில்லை. "டீச்சர், நான் பேசுறது கேக்குதா?" என்றாள் அவள். அடடா, அந்த நொடி! நாங்கள் அத்தனை பேரும் மைக்கைத் திறந்து கைதட்ட, "ஆசிரியர்கள் மைக்கை அணைக்கவும்!" என்று நீங்கள் அதட்ட, அந்த அதட்டலும் தழுதழுத்துத்தான் வந்தது.

தேர்வெழுதித் தேறினாள், கல்லூரிக்கும் போய்விட்டாள். ஆனால் அன்றுமுதல் எந்தப் படத்திலும் அவள் நின்றதில்லை. வகுப்பின் கடைசி நாளில் தோழிகள் இழுத்தபோதும் விலகிக்கொண்டாள். யாரும் அவளை வற்புறுத்தக் கூடாதென்று எங்களையும் தடுத்தீர்கள்.

பெருமைக்குரியவரே! ஓய்வு உங்களுக்கு உடல்நலமும் உள்ளநிறைவும் ஊர்சுற்றும் உற்சாகமும் நெடுநாள் தரட்டும்! இன்னும் ஒரு செய்தி. இந்த மடலை எழுதிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. "விழாவுக்கு நானும் வர்றேன். போட்டோ எடுக்கும்போது என்னைய விட்டுடாதீங்க. நான் டீச்சர் பக்கத்துல நிக்கணும்" என்றாள்.

வாசித்து முடித்தாயிற்று. எழுந்து வாருங்கள், டீச்சர், அவள் காத்திருக்கிறாள்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்