மேலத்துறைக்கு ஏறிய ஈயம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக பாட்டில்களுக்கு லேபிள் எழுதுவது நான்தான். பெயர் பொன்னுரங்கம். விசாரணைக்கென்று மஞ்சக்குப்பம் வரை கூப்பிட்டிருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரேகா மேடம் ஆற்றில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். ஈயத்தில் ஐசோடோப்பு என்று சில வகை உண்டு. எடையில்தான் கொஞ்சம் வித்தியாசம். அவை கலந்திருக்கும் விகிதத்தைப் பார்த்தால் சுரங்கக் கழிவிலிருந்து வந்த ஈயமா, பெயிண்டிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். ஆறு மேலத்துறையைத் தாண்டி கீழத்துறைக்கு ஓடுகிறது. இரண்டு ஊருக்கும் குடிக்க அதே தண்ணீர்தான். நடுவில், மூடிக் கிடக்கும் ஒரு சுரங்கத்தின் கழிவு வாய்க்கால் வந்து விழுகிறது.

கீழத்துறையில்தான் என் மகள் வினோதினிக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். அதற்கு முன் ஒன்பது இடம் தட்டிப்போயிருந்தது. அதில் ஒருவர் எங்கள் வீட்டு பஜ்ஜியை ஒரு தட்டு தின்றுவிட்டு ஜாதகம் சரியில்லை என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்தாவது இடத்திலும் என் மனைவி மலர்க்கொடி குற்றம் தேடிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊர்ல கொசு ஜாஸ்தியாம்" என்றாள்.

கொசுவுக்கே இப்படி என்றால் ஈயத்துக்கு என்ன சொல்வாள்?

மெஷின் முடிவை முதலில் பார்த்தவன் நான். கீழத்துறை பாட்டிலில் சுரங்க ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. மேலத்துறை பாட்டில் சுத்தம். மேடம் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு லேபிளையும் உரித்து மாற்றி ஒட்டி, மெஷினை மறுபடி ஓட்டினேன். தை மாதம் கல்யாணம் ஜோராக நடந்தது. மேடம் குத்துவிளக்கு கொடுத்தார்.

அந்த ரிப்போர்ட்டை வைத்து அரசாங்கம் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் மேலத்துறைக்குப் போயிற்று. அங்கே இப்போது எருமையைக்கூட சுத்திகரித்த தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறார்கள். மேடம்தான் பாவம். வாய்க்கால் விழும் இடத்துக்கு மேலே சுரங்க ஈயம் எப்படிப் போனது என்று பதினான்கு மாதம் கரையோரம் அலைந்தார்.

"தண்ணி மேல ஏறுமா பொன்னுரங்கம்?"

"வெள்ளம் வந்தா ஏறும் மேடம்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு வருத்தமாகப் போய்விட்டது, டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் அவரே போய்த் தண்ணீர் பிடித்து, அவரே லேபிள் எழுதினார். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வினோதினிக்கு இது ஏழாம் மாதம். அவளை நான் கைவிட்டுவிடவில்லை. கல்யாணத்துக்கு மறுவாரத்திலிருந்து ஸ்கூட்டரில் கேன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சம்பந்தி ராஜாமணிக்கு அதில் மனத்தாங்கல்.

"ஏன் சம்பந்தி, எங்க ஊர் தண்ணி ஒங்க பொண்ணுக்கு ஆவாதா? ரிப்போர்ட்டுலயே சுத்தம்னு போட்டிருக்காங்க."

"பழக்கதோஷம் சம்பந்தி" என்று சமாளித்தேன்.

கீழத்துறையில் முந்நூற்று நாற்பது வீடு, அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தானே குடித்தார்கள், அவர்களை நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். நினைக்காமல் இருப்பேனா சார். ஸ்கூட்டரில் இரண்டு கேனுக்கு மேல் வைக்க முடியாது.