பதிவில் இல்லாதவள்

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும், லுவா. வீட்ல மொத்தம் எத்தனை பேரு?

— மூணு பேருங்க மேடம்.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் எழுதிட்டா எழுதினதுதான்.

— அவரு. அத்தை. அப்புறம் அக்கா. மூணுதாங்க.

— எந்த அக்கா? உன் புருஷன் ஒத்தைப் பிள்ளைன்னு விண்ணப்பத்துல இருக்கு.

— அவருக்கு என்ன உறவுன்னு அவர்கிட்டயே கேளுங்க. வீட்ல இருக்காங்க. அக்கான்னு கூப்பிடச் சொன்னாங்க.

— யாரு சொன்னா?

— அவங்களேதான்.

— நீதான் தாய்வான் பக்கமே போனதில்லையே. அவங்களை எங்க பார்த்தே?

— போன்லதாங்க. தினமும் மத்தியானம் வீடியோவுல கூப்பிடுவாங்க. இந்தப் பேச்செல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்.

— அதானே பார்த்தேன். மொழிபெயர்ப்பாளரே வேண்டாம்னுட்டே. இங்க சைகோன்ல எந்த வகுப்புலயும் இப்படிச் சொல்லித் தர மாட்டாங்கம்மா. இது எங்க தாய்வான் தெற்குக் கடலோரப் பேச்சு. சரி, அந்த அக்கா தரகரா? மறைக்காம சொல்லு. நேர்காணலுக்குப் பதிலெல்லாம் மனப்பாடம் பண்ண வச்சாங்களா?

— ஐயோ, தரகர் யாருமில்லீங்க. எங்க ஊரு கான் தோவுல மீன்குஞ்சுப் பண்ணையில நான் குஞ்சு எண்ணிப் பையில கட்டுற வேலை. அவரு குஞ்சு பார்க்க வந்தாரு. எண்ணிக்கிட்டிருந்தவளைப் பேச வச்சு எண்ணிக்கையை மறக்கடிச்சுட்டாரு. மூணு தடவை.

— சிரிச்சது போதும். அவரு வீட்டுக்குள்ள போடற செருப்பு என்ன நிறம்?

— பச்சைங்க. இடதுகால் வார் அறுந்துபோய்க் கம்பி போட்டுக் கட்டியிருக்கு.

— மாடிப்படி எத்தனை?

— பதிமூணு. ஏழாவது படி ஆடும். அக்கா அதுல கால் வைக்கிறதே இல்லையாம்.

— மாடியில யாரு இருக்கா?

— அக்காதாங்க. கீழே வர மாட்டாங்களாம். கூப்பிட்டாத்தான் வருவாங்களாம்.

— ஆளு எப்படி இருப்பாங்க?

— ஒல்லியா இருப்பாங்க. எப்பக் கூப்பிட்டாலும் தலை ஈரமா இருக்கும். துவட்டிக்கிட்டேதான் பேசுவாங்க. ரொம்பப் பாசங்க மேடம். எங்கம்மாகூட என்னை அவ்வளவு விசாரிக்க மாட்டாங்க.

— சரி. வெளிய பெஞ்சுல உக்காரு, அவரை உள்ள வரச் சொல்லு.

— மேடம், கல்யாணப் பதிவுக்கு முத்திரை கிடைச்சிடுமா? ஊரைக் கூட்டி விருந்து போட்டாச்சு. வேலையையும் விட்டுட்டேன். திரும்பிப் போனா அம்மா வெளிய தலைகாட்ட முடியாது.

— அவர் சொல்றதும் நீ சொன்னதும் ஒத்துப்போனா கிடைக்கும். போம்மா.

— வணக்கம் மேடம். அது வந்து, கல்யாண ஆல்பம் ரெண்டு கொண்டாந்திருக்கேன். வீடியோவும் இருக்கு.

— ஆல்பம் இருக்கட்டும், வெங் சார். உக்காருங்க. வீட்ல எத்தனை பேரு?

— ரெண்டு பேரு. நானும் எங்கம்மாவும்.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— அது வந்து, வாத்து நாலு இருக்கு. அதைச் சேர்க்கணுமா?

— வேடிக்கைப் பேச்சு பிறகு. உங்க வீட்டுச் செருப்பு என்ன நிறம்?

— செருப்பா? நீலம். இல்ல, பச்சையா? கவனிச்சதில்லையே மேடம்.

— மாடிப்படி எத்தனை?

— அது யாரு எண்ணுவா? பத்துப் பன்னெண்டு இருக்கும்.

— பதிமூணாம். ஏழாவது ஆடுமாம்.

— ஆமா, ஆடும். தச்சரை வரச் சொல்லணும். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— உங்க பொண்டாட்டி சொன்னா. வீட்ல புருஷனுக்குத் தெரியாதது பொண்டாட்டிக்குத் தெரியறது அதிசயமில்ல சார், என் வீட்லயும் அதே கதைதான். ஆனா இவ உங்க வாசப்படியை மிதிச்சதே இல்லையே.

— அது வந்து... நான் போன்ல ஏதாவது காட்டியிருப்பேன்.

— மத்தியானத்துலயா? நீங்களே ஆதாரம்னு குடுத்த பட்டியலைப் பாருங்க. தினமும் பன்னெண்டு மணியிலிருந்து ஒண்ணரை வரைக்கும் உங்க நம்பர்லயிருந்து அழைப்பு போயிருக்கு.

— இருக்காது மேடம். அந்த நேரத்துல நான் குளத்துக்குள்ள கழுத்தளவு தண்ணியில நிப்பேன். போன் கரையில தகர டப்பாவுல கிடக்கும். நான் சாயங்காலம்தான் கூப்பிடுவேன்.

— அப்ப உங்க போனை எடுத்துப் பேசற பொம்பளை யாரு? சார், இப்படிப் பாருங்க. கடலோரத்துப் புதாய் ஊர்க்காரர், மீன்குளம் வச்சிருக்கீங்க, வயசு முப்பத்தொம்போது, கல்யாணமாகாதவர்னு பதிவு அலுவலகத்துச் சான்று. எல்லாம் சரி. ஆனா அந்தப் பொண்ணு உங்க வீட்டு மாடியில ஒருத்தி இருக்கான்னு சொல்றா. ஒல்லியாம். எப்பவும் தலை ஈரமா இருக்குமாம், துவட்டிக்கிட்டே பேசுவாளாம். ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருந்தா இந்த நிமிஷமே கோப்பை மூடிடுவேன்.

— தலை ஈரமா இருக்குமாமா?

— ஏன் சார், முகம் இப்படி வெளுத்துப்போச்சு? தண்ணி குடிங்க.

— அது வந்து... மேடம், நான் பொய் சொல்லல. சான்றும் பொய் இல்ல.

— அப்ப உண்மையைச் சொல்லுங்க.

— எட்டு வருஷம் முன்னாடி, குளத்துக்குப் போற பாதையில ஒரு சிவப்பு உறை கிடந்துச்சு. எவனோ தவற விட்டுட்டான்னு எடுத்துட்டேன்.

— அடக் கடவுளே. அதையெல்லாம் எடுக்கக்கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!

— குனிஞ்சப்பத் தோணலையே. எடுத்ததும் புதர்லயிருந்து செத்துப்போன ஒரு பொண்ணு வீட்டு ஆளுங்க நாலு பேரு எந்திரிச்சு வந்து, மாப்பிள்ளைன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உறைக்குள்ள ஒரு கத்தை முடியும், பொறந்த நேரம் எழுதின சீட்டும். சிப்பி எடுக்கப் போன இடத்துல அலை இழுத்துட்டுப் போன பொண்ணு. கல்யாணமாகாம போனதால அவ தன் அம்மா கனவுல வந்து அழுதுக்கிட்டே இருந்தாளாம்.

— கட்டிக்கிட்டீங்களா?

— எங்கம்மா பயந்துட்டாங்க. மறுத்தா குளமே வத்திப்போகும்னாங்க. சேவல் அடிச்சு, அவ கல்யாண உடுப்பை நாற்காலியில வச்சு, முறைப்படி கட்டிக்கிட்டேன். அவ பேரு செதுக்கின பலகை மாடியில இருக்கு. மாசத்துல ரெண்டு நாளு பாதிப் படியிலயே சோறு வச்சுட்டு இறங்கிடுவாங்க அம்மா. நான் மாடிக்கே போறதில்ல.

— போனதே இல்லையா?

— பயம் மேடம். வெக்கமும்தான். உசுரோட இருக்கிற ஒரு பொண்ணோட வாழணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? அது கல்யாணக் கணக்குல வருமா? சட்டம் என்ன சொல்லுது?

— சட்டம் என்ன சொல்லும்? வெளிநாட்டுல நடந்த கல்யாணத்துக்கு என்கிட்டப் படிவம் இருக்கு. எந்த நாடு, எந்த ஊரு, எந்தத் தேதின்னு கேக்கும். நீங்க சொல்ற கல்யாணம் எந்த நாட்டுல நடந்துச்சுன்னு எழுதறது? அது பதிவுல வராது சார். அவ யாருக்கும் மனைவி இல்ல. காகிதத்துல அவ இல்லவே இல்ல.

— அப்ப முத்திரை?

— லுவாகிட்ட இதைச் சொன்னீங்களா?

— இல்ல. ஓடிப்போயிடுவாளோன்னு...

— இப்பச் சொல்லுங்க. என் முன்னாடி. அவளையும் உள்ள கூப்பிடுங்க.

— லுவா, உள்ள வா. உக்காரு. அது வந்து... மாடியில நீ பேசற அக்கா இருக்காங்கல்ல. அவங்க உசுரோட இல்ல. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு.

— தெரியுங்க.

— தெரியுமா?

— முதல் நாளே சொல்லிட்டாங்க. நான்தான் மூத்தவ, நீ இளையவ, பயப்படாதேன்னு. நான் அழுதேன். ரெண்டு நாளு போனை எடுக்கல. அப்புறம் எடுத்தேன். பாவம், அவங்களோட பேச ஆளே இல்லீங்க. எட்டு வருஷமா யாருமே ஏழாவது படியைத் தாண்டி வரலைன்னாங்க. நீங்ககூட.

— அவளுக்கு என் மேல கோவமா?

— இல்லீங்க. நீங்க குளத்துல குனிஞ்சு நிக்கறதை ஜன்னல்ல பார்ப்பாங்களாம். உங்களை அவங்களுக்குப் பிடிக்கும்.

— பேனாவைக் கீழ வச்சுட்டேன். லுவா, இது நேர்காணல் கேள்வி இல்ல, ஒரு பொம்பளையா கேக்கறேன். இவ்வளவும் தெரிஞ்சு அந்த வீட்டுக்குப் போறியா? பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு. நான் மறுத்துட்டதா எழுதிடறேன். பழி என்னோடதா இருக்கட்டும், உங்கம்மாவுக்கும் தலைகுனிவு இருக்காது.

— போறேங்க மேடம். இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. அக்காவும் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. யாருமில்லாத வீட்டுக்குப் போறதைவிட இது மேலில்லையா?

— உன் இஷ்டம். ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கீங்க, மறுக்க என்கிட்டக் காரணமில்ல. இன்னும் ஒரு தாள்தான் பாக்கி. தாய்வான் பதிவேட்டுல ஏத்த, எங்க எழுத்துல உனக்கு ஒரு பேரு வேணும். அங்க உனக்கு இனி அதுதான் பேரு. வெளிய பெஞ்சுல உக்காந்து நிதானமா எழுதிக் கொண்டா. தெரியலைன்னா நான் எழுதித் தர்றேன்.

— எழுதத் தெரியுங்க.

— போயிட்டு வா. வெங் சார், உங்க அதிர்ஷ்டம், இப்படி ஒரு பொண்ணு. ஊருக்குப் போனதும் முதல்ல மாடிக்குப் போங்க. ஒரு வார்த்தை பேசுங்க அவகிட்ட.

— போறேன் மேடம். சத்தியமாப் போறேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

— அதுக்குள்ள எழுதிட்டியா லுவா? குடு. அட, எழுத்து முத்து முத்தா இருக்கே! என் கையெழுத்துகூட இப்படி வராது. ஆனா உன் குடும்பப் பேரு துவான்தானே? நீ ஷின்னு போட்டிருக்கே. பரவாயில்ல, பிடிச்ச பேரை வச்சுக்க அனுமதி இருக்கு. ஷி யின்-ஹுவா. வெள்ளிப்பூ. அழகான பேரு. இந்தா, முத்திரை விழுந்தாச்சு. இனி நீங்க சட்டப்படி புருஷன் பொண்டாட்டி. வாழ்த்துகள்! என்ன சார், ஏன் எந்திரிச்சு செவுத்தோட ஒட்டிக்கிட்டீங்க?

— மேடம்... அந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க.

— ஷி யின்-ஹுவா.

— பலகையில செதுக்கியிருக்கிற பேரு அதுதான். நான் இவகிட்டச் சொன்னதில்ல. எட்டு வருஷமா என் வாயால அந்தப் பேரை உச்சரிச்சதே இல்ல.

— லுவா, இந்தப் பேரை உனக்கு யாரு குடுத்தா? உன்னைத்தாம்மா கேக்கறேன். அந்தத் தாளை இப்படிக் குடு. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம். கையை எடு லுவா. ஏன் இப்படி சில்லுனு இருக்கு கை? தலை எப்படி ஈரமாச்சு? லுவா!

— லுவா இன்னும் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கா, மேடம். நல்ல பொண்ணு, அவங்கம்மா வீட்டுக்குப் பத்திரமா அனுப்பி வச்சுடுங்க.